பருந்து குனிந்த நொடி

மணிலாவில் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு விசுவாசமாக இருப்பது எளிதல்ல. கம்பெனி எதை விற்கிறதோ அதுதான் அணிக்குப் பெயர். மரேன்யா கம்பெனியின் அணி முதலில் மத்தி மீன் டப்பாவாக இருந்தது. பிறகு நூடுல்ஸ் ஆயிற்று. அதன் பிறகு கொசுவர்த்தி. ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள், பயிற்சியாளர் அதே சிடுமூஞ்சி. போன வருஷம் "நூடுல்ஸ், நூடுல்ஸ்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத குடும்பஸ்தர், இந்த வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து "கொசுவர்த்தி" என்று அழுதார். கண்ணீரில் மட்டும் கலப்படம் கிடையாது.

இந்தக் குழப்பத்தை வாயால் கட்டி மேய்த்தவர் எலேயுதேரியோ திமகுலாங்கன். வானொலி வர்ணனையாளர். வீட்டில் தெரோய், நாட்டுக்குப் 'பருந்து'. பந்தை விட்டு ஒரு நொடியும் கண்ணை எடுக்காதவர் என்று அவரே தம்மைப் பற்றி மைக்கில் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட பட்டம். வானொலியில் பருந்தாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: கேட்பவர்களுக்குக் கண் வேலை இல்லை.

பருந்துக்கு ஒரே ஒரு பலவீனம். அவசரத்தில் அணியின் பழைய பெயர் வாயில் வந்துவிடும். நூடுல்ஸ் ஆடும்போது மத்தி என்பார். கொசுவர்த்தி ஆடும்போது நூடுல்ஸ் என்பார். பெயர் தவறினால் அடுத்த ஆட்டத்துக்கு வர வேண்டாம் என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. ஆகவே மேசையில் ஒரு காகிதத்தை ஒட்டி, நடப்புப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்வெட்டு ஊரை ஆண்ட காலம். கோப்பை யாருக்கு என்று தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் நடக்கவிருந்த அன்று காலையில் கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்து, கொசுவர்த்தி தரை மெழுகாகிவிட்டது. சட்டைகளில் அவசரமாகத் துணி ஒட்டுப் போட்டார்கள். இடைவேளைக்குள் வியர்வையில் ஒட்டு கழன்று, தரை மெழுகுக்குக் கீழே கொசுவர்த்தி எட்டிப் பார்த்தது. அரங்கத்தில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. வெளியே பாதி நாட்டில் தொலைக்காட்சி இருண்டு கிடக்க, சனங்கள் பேட்டரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

நான்கு நொடி மீதி. மரேன்யா ஆட்டக்காரர்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து உள்ளே வந்தது. தெரோய் உச்சக் குரலில் "கொசு" வரை வந்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, காகிதத்தைப் பார்க்கக் குனிந்தார். தரை மெழுகு. நிமிர்ந்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. பந்து கீழே குதித்துக்கொண்டிருந்தது. அணியின் ஆட்டக்காரர் ஆர்தேமியோ லொந்தோக் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

யார் கூடை போட்டாலும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆர்தேமியோவின் சுபாவம். பின்னாளில் அரசியலில் அவரை உயர்த்தியதும் அதே குணம்தான். தெரோய் யோசிக்கவில்லை. "ஆர்தேமியோ... லொந்தோக்! தரை மெழுகு ஜெயிச்சிருச்சு!" என்று எட்டு நொடி இழுத்தார். நாட்டின் ஏழாயிரம் தீவுகளும் கேட்டன.

ஆட்டம் முடிந்ததும் புள்ளித்தாள் வந்தது. கடைசிக் கூடை, பதினான்காம் எண், ரூஃபோ கத்தபாங். தெரோய் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பருந்து திருத்தம் சொல்லுமா?

நேரில் பார்த்தவர்கள் பன்னிரண்டாயிரம் பேர் இருந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் வீடு திரும்பினார்கள். ரேடியோ கேட்ட வீட்டார் நடந்ததை விளக்கினார்கள். ஒரு வாரத்தில் ஆர்தேமியோ கூடை போட்டதை அவர்களும் பார்த்துவிட்டார்கள். ரூஃபோ தன் ஊருக்குப் போய் "நான்தான் போட்டேன்" என்றபோது, பெற்ற தகப்பனே "ரேடியோவை விடப் பெரிய ஆளாடா நீ" என்று துடைப்பத்தை எடுத்தார். மூன்றாம் நாள் கம்பெனி ரூஃபோவை ஒரு பெயின்ட் அணிக்குக் கொடுத்துவிட்டு, உயரமான ஒருவனை வாங்கிக்கொண்டது. எதிரிச் சட்டை போட்டவனின் உரிமை கோரலுக்கு யார் காது கொடுப்பார்கள்?

இருபத்தைந்து வருஷம் ஓடியது. அணி இப்போது ஷாம்பூ. ஆர்தேமியோ சான் இரேனியோ ஊரின் துணை மேயர், மேயராக நின்றுகொண்டிருந்தார். 'கடைசி நொடியிலும் கைவிடாதவர்' என்று சுவரெங்கும் எழுதியிருந்தார்கள். ஊர்த் திருவிழாவன்று புது ஆட்டக்கூடமும், பந்தை எறியும் கோலத்தில் அவருடைய சிலையும் திறப்பு. தெரோய் வந்து அந்த வர்ணனையை அப்படியே சொல்ல வேண்டும் என்று அழைப்பு வந்தது.

"இது மட்டும் நல்லா அமைஞ்சா அடுத்த சீசனும் மைக் உங்களுக்குத்தான், அண்ணே" என்றாள் வானொலி நிலைய மேலாளர் சாரிங். அமையாவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. இரண்டு இளைஞர்கள் ஏற்கெனவே குரல் தேர்வுக்கு வந்து போயிருந்தார்கள்.

அன்று அவர் குனிந்தது தெரிந்த ஒரே ஆள் மனைவி லூமிங். "உளறித் தொலைச்சிராதே" என்றாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே. "அன்னிக்கே சொல்லியிருந்தா தப்புன்னு விட்டிருப்பாங்க. இன்னிக்குச் சொன்னா வயசாயிருச்சும்பாங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்? இருபத்தஞ்சு வருஷம் சொல்லாதவன்."

"அதான் பயமா இருக்கு."

திருவிழா அன்று மதியம், ஆட்டக்கூடத்துக்கு வெளியே கோழிக்குடலைக் குச்சியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தவனிடம் தெரோய் மூன்று குச்சி வாங்கினார். இரண்டாவதைக் கடிக்கும்போது கடைக்காரனின் கைகள் கண்ணில் பட்டன. அத்தனை நீள விரல்கள் கோழிக்குடலுக்குத் தேவையில்லை.

"ரூஃபோவா?"

"பருந்து அண்ணனுக்கு இப்பத்தான் கண்ணு தெரியுதாக்கும்" என்றான் ரூஃபோ, விசிறியை நிறுத்தாமல். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. "வினிகர் ஊத்திக்குங்க. ஒண்ணு கேக்கணும்ணே. அன்னிக்கு நெஜமா அவனைத்தான் பாத்தீங்களா?"

தெரோய் குடலை மென்றார். அது எளிதில் மெல்லுபடாத பண்டம்.

"சண்டைக்குக் கேக்கலண்ணே. ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே குழப்பமாயிருச்சு. கனவுல அந்த ஆட்டம் வந்தா, பந்து அவன் கையிலதான் இருக்கு. நான் போட்டேனா இல்லையான்னு எனக்குச் சொல்ல நீங்க ஒரு ஆள்தான் மிச்சம்."

பதில் சொல்வதற்குள் மேடையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

பாதிரியார் வந்து சிலைக்குப் புனித நீர் தெளித்தார். ஆர்தேமியோ தெரோயின் தோளை அணைத்துக் காதில், "முன்ன மாதிரியே இழுங்கண்ணே, ஓட்டு இழுவையிலதான் இருக்கு" என்றார். கூட்டம் மூச்சடக்கியது. தெரோய் தொடங்கினார். நான்கு நொடி. ஒரு புள்ளி பின்னே. பந்து உள்ளே வருகிறது. இந்த முறை அவர் குனியவில்லை. திறந்த வாசலுக்கு வெளியே, புகைக்கு நடுவே நின்ற நீண்ட கைகளைப் பார்த்தார்.

"ரூஃபோ கத்தபாங்."

ஆர்தேமியோவின் கை, பழக்கத்தில், பாதி உயர்ந்து நின்றது.

"போட்டது ரூஃபோ. நான் குனிஞ்சிருந்தேன். பார்க்கல" என்றார் தெரோய். வாழ்நாளில் மிகத் துல்லியமான வர்ணனை.

முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ பாவம், கர்த்தரே" என்று உச்சுக் கொட்டினாள். ஆர்தேமியோ பிறவி ஆட்டக்காரர், நழுவிய பந்தை எடுத்துவிட்டார். மைக்கை மெல்ல வாங்கி, ஈரக் கண்களோடு, "பருந்துக்கும் மூப்பு வரும் மக்களே. நான் மேயரானா முதியோருக்கு இலவச மருந்து" என்றார். கைத்தட்டல் கூரையைத் தூக்கியது. பாண்டு வாத்தியம் முழங்கியது. இரண்டு தொண்டர்கள் தெரோயைக் கண்ணாடிப் பாத்திரம் போல இறக்கிவிட்டார்கள்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றாள் சாரிங், ஆறுதலாக. அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும்.

வெளியே ரூஃபோ கடையைக் கட்டிக்கொண்டிருந்தான். மீந்த குச்சிகளை இலையில் சுற்றி நீட்டினான்.

"அப்ப நான்தான்."

"நீதான்டா. புள்ளித்தாள் வீட்டுல இருக்கு. தரேன்."

ரூஃபோ கொஞ்ச நேரம் கரியைக் கிளறினான். முகத்தில் ஒரு குறை தெரிந்தது.

"ஆனா அண்ணே, அவன் பேரை எட்டு நொடி இழுத்தீங்க. என் பேரைக் கரண்ட் பில் வாசிக்கிற மாதிரி படிச்சிட்டீங்களே."

அறுபத்தாறு வயதில் தெரோய்க்கு அந்த ஒரு சொல்தான் சுருக்கென்று தைத்தது. தொண்டையைக் கனைத்தார், இலைப்பொட்டலத்தை இடக்கைக்கு மாற்றினார், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்க அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தார். ரூஃபோ என்ற பெயர் தெருமுனை வரை போய்த் திரும்பியது. கத்தபாங் அதைத் துரத்திக்கொண்டு போனது. மூச்சு இன்னும் மிச்சமிருந்தது. அடுத்து அணியின் பெயர். அங்கே வாய் திறந்தபடி நின்றது.

"டேய், அன்னிக்கு நாம என்னடா?"

"தரை மெழுகுண்ணே" என்றான் ரூஃபோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.