முள் அசையாத பை

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில், பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் அவள். டாக்டர்களின் கோட்டு, நர்ஸுகளின் உடுப்பு எல்லாம் அவள் கையில் சூடுபட்டுத்தான் மேலே போகும். எல்லோரும் அவளை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆஸ்பத்திரி ஆட்கள் ஏழு பேர் காலையில் கிளம்பி மலை ஏறிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். திங்கட்கிழமை முழுக்க அந்தப் பேச்சுதான். உடுப்பு வாங்க அவள் மேசையைச் சுற்றி நிற்கும்போது, "பாறையில உக்காந்தே இறங்கினியே, பேன்ட் மிச்சமிருக்கா?" என்று ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிப்பார்கள். எதற்கு என்று புரியாமலே அவளும் சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு நாளாவது தானும் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைவி பெரிய சிஸ்டர். இஸ்திரி மூன்று வருடத்தில் நான்கு முறை கேட்டிருக்கிறாள். நான்கு முறையும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றுதான் பதில். ஐந்தாம் முறை பெரிய சிஸ்டரே தேடி வந்தாள்.

"இஸ்திரி, அடுத்த மாசம் நீயும் வா. ஒரு தடவை நடந்து காட்டு. அப்புறம் எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணுவோம், சேர்த்துக்கறதா வேண்டாமான்னு."

"சரிக்கா."

"பை மட்டும் நல்லதா வாங்கிக்கோ. மட்டமானதை மாட்டிக்கிட்டு வந்து, தோளு போச்சு முதுகு போச்சுன்னு பாதி வழியில உக்காந்துடாதே."

அன்றிலிருந்து அவளுக்குப் பை பைத்தியம் பிடித்தது. மலைக்குப் போட்ட சட்டைகளையும் உடுப்போடு சேர்த்து அவள் தலையில் கட்டுவது அவர்கள் வழக்கம். அவற்றை இப்போது விரித்து வைத்துப் படித்தாள். மருந்தகத்துப் பெண்ணின் சட்டையில் தோள்பட்டை மட்டும் நைந்திருந்தது, பையின் பட்டை மெல்லிசு. எக்ஸ்ரேக்காரன் சட்டையின் முதுகில் உப்புப் பூத்திருந்தது. காற்றுப் போக வழியில்லாத பை.

கடைக்கு மூன்று முறை போனாள். கடைக்காரர் பொறுமைசாலி. கழுத்தெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை நாடா வைத்து அளந்தார்.

"ஆள் குள்ளம்னு சின்னதா எடுக்காதீங்கம்மா. முதுகு நீளம்தான் கணக்கு. பாரத்தைத் தோள் சுமக்கக் கூடாது, இடுப்பு சுமக்கணும். இது இருபத்தஞ்சு லிட்டர்."

"அவ்வளவு தண்ணியா கொண்டு போகணும்?"

கடைக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அது பையின் கொள்ளளவு என்று விளக்கினார்.

சாம்பல் நிறப் பை. முதுகுப்பக்கம் வலை, இடுப்புக்கு மெத்தென்று அகலப் பட்டை. வாங்கிய பிறகும் வீட்டில் அதை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்ததைப் பார்த்து அவள் கணவன் கேட்டான்: "பை பார்த்தியா, மாப்பிள்ளை பார்த்தியா?"

மறுநாள் அழுக்குத் துணி மூட்டை நிறுக்கும் தராசில் பையை வைத்தாள். முள் அசையவே இல்லை. தனியாக நின்று சிரித்தாள். அப்படியும் மனசு ஆறாமல், அந்தக் கனமும் எதற்கு என்று உள்ளே தைத்திருந்த துணிச்சீட்டைக் கத்தரித்து எறிந்தாள். ஒரு வாரம் அதில் படுக்கை விரிப்புகளை மடித்து அடைத்து, மாட்டிக்கொண்டே இஸ்திரி போட்டாள். பட்டைகளை விரலளவு விரலளவாகச் சரிசெய்து, உடம்போடு ஒட்ட வைத்தாள்.

ஞாயிறன்று மலையடிவாரத்தில் எக்ஸ்ரேக்காரன் அந்தப் பையை ஒற்றை விரலில் தூக்கினான். "ஏய், இது பையா பலூனா?"

"லைட்டா இருக்குல்ல?" என்றாள் பெருமை தாங்காமல். "ரொம்ப லைட்டு."

அந்த ஒரு சொல்தான்.

"அப்போ இதையும் வச்சுக்கோ," என்று மருந்தகத்துப் பெண் தன் ஃப்ளாஸ்கைக் கொடுத்தாள். பெரிய சிஸ்டரின் மழைக்கோட்டு வந்தது. பழங்கள், விரிப்பு, கேமராவின் மூன்று கால் தாங்கி. முதலில் கேட்டு வைத்தார்கள். ஏற ஆரம்பித்ததும் அவள் நடக்க நடக்கவே பின்னாலிருந்து ஜிப்பைத் திறந்து திணித்தார்கள்.

"கொஞ்சம் கனக்குதுக்கா."

"லைட்டுன்னு நீதானே சொன்னே?" என்றாள் பெரிய சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது திருப்பத்தில் அவள் நான்கடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். முன்னால் மருந்தகத்துப் பெண் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"இத்தனை நாள் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்த லேப்காரிக்கு முதுகுல டிஸ்க் நகர்ந்ததும், இந்த மாசம் நாமதான் தூக்கணுமோன்னு பயந்தேன். நல்ல ஆளாப் பிடிச்சீங்க சிஸ்டர்."

"பத்தொன்பது வருஷம் நின்ன உடம்பு. அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

இஸ்திரிக்குக் காது சுட்டது. வலிக்கட்டும், உடனே கழற்றி வைத்துவிட்டு "என்னால முடியலை" என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. பாரம் இடுப்பில் அம்சமாக உட்கார்ந்திருந்தது. முதுகில் காற்றோடியது. மட்டமான பையாக இருந்தால் இந்நேரம் தோள் அறுந்து தப்பித்திருப்பாள். தேடித் தேடி எடுத்த பை அவளைக் கைவிடாமல் உச்சிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

உச்சியில் ஆறு பேரையும் அவள்தான் படம் எடுத்தாள்.

இறங்கும்போது பாறையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை உரிந்தது.

"பழம் நசுங்கிடுச்சா பாரு!" என்றான் எக்ஸ்ரேக்காரன். மலையே அதிரச் சிரித்தார்கள். மருந்தகத்துப் பெண் ஓடிவந்து ஜிப்பைத் திறந்து பார்த்தாள். "தப்பிச்சுதுப்பா."

அடிவாரத்தில் பெரிய சிஸ்டர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள். "இஸ்திரியைச் சேர்த்துக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஆறு கையும் ஒரே நேரத்தில் மேலே போயின.

"மாசாமாசம் தவறாம வந்துடணும், என்ன? நீ இல்லைன்னா நாங்க கிளம்பவே முடியாது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தான் உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் ஆறு கைகள் இன்னும் இறங்கவில்லை. அவளுக்காக இதுவரை யாரும் கை தூக்கியதில்லை.

"ஏன் மரம் மாதிரி நிக்கறே? உனக்கும் ஓட்டு உண்டுடி," என்றாள் பெரிய சிஸ்டர்.

இஸ்திரி உரிந்த கையைத் தூக்கினாள்.

"ஏழு," என்று எண்ணி முடித்தான் எக்ஸ்ரேக்காரன்.