சன்னல் மட்டும் உடையிற வீடு

மன்னார் எமில்டா பதினெட்டு வருசமாய் ஒரு ஓய்வுபெற்ற கேணலின்ரை வீட்டைக் கூட்டித் துடைக்கிறாள். வீடு இத்தாலியிலை, பாலெர்மோ நகரத்துக்கு வெளியிலை, மொண்டெல்லோக் கடற்கரையிலை. ஆமியிலை குடுத்த பிளாஸ்ரிக் வட்டத்தட்டொண்டு அவரிட்டை இருக்கு. அணுகுண்டின்ரை அளவையும் தூரத்தையும் நேராய்ச் சுத்தி வைச்சால், எந்த வீடு எரியும், எந்த வீட்டிலை சன்னல் மட்டும் உடையும் எண்டு அது காட்டும். ரீவியிலை சண்டைச் செய்தி வர வர, மனுசன் காலமைக் கோப்பியோடை அதைத்தான் சுத்துறார். பைத்தியம் எண்டு சொல்லேலாது, பென்சன் வருது.

போன கிழமை தட்டைச் சுத்தி, பாலெர்மோத் துறைமுகத்திலை குண்டைப் போட்டார். "எங்களுக்குச் சன்னல் மட்டும்தான்!" எண்டு ஒரே புளுகம், சிரிப்பு.

எமில்டா ஷெல் குத்துற சத்தம் கேட்டு பங்கருக்குள்ளை பாய்ஞ்சு வளர்ந்தவள். தும்புத்தடியைக் கையிலை வைச்சுக்கொண்டே, "சிஞ்ஞோரே, துறைமுகத்துக்குக் கிட்ட நான் குடியிருக்கிற பல்லரோப் பக்கம் என்னாகும்?" எண்டு கேட்டாள்.

சுத்திப் பார்த்தார். "சாம்பல்."

"அப்ப உங்கடை உடைஞ்ச சன்னல் கண்ணாடியை ஆர் கூட்டுறது?"

மனுசன்ரை முகம் கறுத்துப்போச்சு. தட்டைத் திரும்பவும் சுத்தி, குண்டை மலைப்பக்கத்து மொன்றியாலே ஊருக்கு நகர்த்தினார். எமில்டா தப்பினாள்.

மொன்றியாலேயிலைதான் கேணலின்ரை சொந்தத் தம்பி குடியிருக்கிறார். தம்பி போனால் போகட்டும். நல்ல வேலைக்காரி இந்தக் காலத்திலை எங்கை கிடைக்கும்?