இடிக்காரரின் மழை

நாடக அரங்கில் எல்லோருக்கும் அவர் இடிக்காரர்தான். இருபத்திரண்டு வருடமாகத் திரை மறைவில் நின்று சத்தம் செய்கிறவர். இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை ஓடும். ஜல்லி நிரப்பிய பெட்டியில் மிதித்தால் யாரோ நடந்து வருவார்கள். ஆனால் அவருடைய பெருமையெல்லாம் கயிற்றில் தொங்கும் ஆளுயரத் தகரத்தின் மேல். அதை உலுக்கினால் இடி இறங்கும். பதிவு செய்து ஓட்டிவிடலாமே என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அந்த வருடம் எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்றன. ஊரில் தினமும் சைரன் ஒத்திகை. இடிக்காரரின் மகன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவன். ஆறு நாளாக அவனிடமிருந்து போன் வரவில்லை.

“உங்க புள்ளதானே, சாப்பாட்டு மணி அடிச்சா மொத ஆளா நிப்பான். அவனுக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள் மனைவி. சொன்ன கையோடு போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி. புயலில் ஒரு தாய் வீட்டில் தனியாக இருக்கிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அதற்குச் சற்று முன் இடி விழ வேண்டும். ஆறு நாள் கலக்கமும் கைக்கு இறங்கிவிட்டதோ என்னவோ, அவர் உலுக்கிய உலுக்கில் கட்டடமே அதிர்ந்தது. “குண்டு!” என்று யாரோ கத்தினார்கள். பாதிப் பேர் நாற்காலிக்கு அடியில், மீதிப் பேர் வாசலில். தாயாக நடித்தவளும் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். நூறு தடவை அதே இடியைக் கேட்டவள்!

நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார்.

“இடி போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“பிரமாதம். அதான் பிரச்சினையே. நிலைமை சரியாகுற வரைக்கும் அந்தத் தகரத்தைத் தொடாதீங்க.”

வெளியாள் ஒருவர் அவர் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சிரிப்பதா அழுவதா என்று இடிக்காரருக்குத் தெரியவில்லை.

இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “இடி இல்லாம புயலுக்கு நான் எங்கண்ணே போவேன்?”

“மழை இருக்குல்ல தம்பி” என்றார் இடிக்காரர்.

மழை என்பது பெரிய சல்லடையில் இரண்டு படி காய்ந்த பட்டாணி. சாய்த்தால் பெய்யும், நிமிர்த்தினால் நிற்கும். இதுவரை இடிக்குத் துணையாக மட்டும் பெய்துகொண்டிருந்தது. அன்று மாலை தனியாகப் பெய்தது. முதலில் சடசடவென்று கொட்டியது. பிறகு மகன் இப்போது எந்தக் கூடாரத்தில் படுத்திருக்கிறானோ என்ற நினைப்பு வந்ததும் அவர் கை தானாகத் தளர்ந்தது. ஒவ்வொரு பட்டாணியாக உருண்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த நிசப்தத்தில் கதவு தட்டப்பட்டபோது அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. காட்சி முடிந்து வெளியே போன பெரியவர் ஒருவர், வாசலில் கையை நீட்டி மழை விட்டுவிட்டதா என்று பார்த்தாராம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி, வீடு திரும்பும் வழியில் கேட்டாள். “மழைய ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?”

“அவன் நனையுறானோன்னு தோணிச்சு.”

அவள் அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பட்டாணித் தோலைத் தட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மகனிடமிருந்து போன் வந்தது. கம்பளிக் காலுறை நாலு ஜோடி வேண்டுமாம். வேறு குறை எதுவும் இல்லையாம்.

பதற்றம் தணிய மூன்று வாரமானது. இனி இடிக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பினார். இயக்குநர்தான் ஒப்பவில்லை. மழையே இருக்கட்டும் என்றார். இடிக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் புது நோட்டீஸில் நடிகர்களுக்குக் கீழே ‘மழை’ என்று போட்டு, பக்கத்தில் அவர் பெயரை அச்சடித்திருந்தார்கள். இரண்டு எழுத்துப் பிழை. மனைவி பேனாவால் திருத்தி, படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள்.