அலிபிரி எலுமிச்சம்பழக்காரர்

கற்பூரப் புகையில் நசுங்கிய எலுமிச்சையின் வாசனை கலந்து வந்தால், திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் பார்த்த அந்தப் பழக்காரர் நினைவில் எழுகிறார். ஒட்டிய கன்னம், வெள்ளைத் தாடி. பூஜைக்கு வரும் புதுக் கார்கள் சைக்கிள் பாதையிலேயே நிற்கும். சக்கரத்தடியில் பழம் வைப்பார். கார் நகரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"சைக்கிளுக்குத் தனி ரோடாம்! அத எடுத்துட்டு காருக்கே வுடச் சொல்லி நாளைக்கு கார்ப்பரேஷன் மீட்டிங்ல கை தூக்கு நைனா," என்று அவரிடம் சொன்னார் பக்கத்துத் தேங்காய்க்கடைக்காரர்.

"தூக்குவீங்களா?" என்று பழக்காரரிடம் கேட்டேன்.

"எம் பொண்ணு சைக்கிள்ல வேலைக்குப் போய்க்கினு இருந்துச்சி, சார். இந்தப் பாதையில நின்ன காரைச் சுத்திக்கினு போவும்போது பஸ் அடிச்சி செத்துப்போச்சி. அந்தக் காருக்கும் நான்தான் பழம் வெச்சேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"இங்க காரு நிக்கலன்னா வூட்ல அடுப்பு எரியாது. நான் எதுக்குக் கை தூக்கறது, நீங்களே சொல்லுங்க."