குடை நுனியில் ஒரு துறைமுகம்

ஐம்பதுகளின் கடைசியில், இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் எங்கள் முன்னறையில், ஐரோப்பியக் கலப்பு வம்சத்துப் பறங்கி சர்வேயர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஒடிசலான உடம்பு, பூனைக்கண். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய், குடை நுனியால் ஈர மணலில் ஒரு துறைமுகத்தைக் கீறுவார். கப்பல்துறை, தேவாலயம், வாய்க்கால், அதன் ஓரத்தில் ஒரு வீடு. ஒல்லாந்துக் கப்பலில் வந்த அவருடைய மூதாதை பிறந்த ரொட்டர்டாம் அது. அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

அவருக்கு ஆஸ்திரேலியா போக வேண்டும். ஐரோப்பிய வம்சம் என்று காட்டினால்தான் அங்கே விடுவார்களாம். தகப்பன் வழியை ரொட்டர்டாம் வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்.

ஒரு பகல், அவர் சாப்பிடும்போது அதையெல்லாம் கேட்டிருந்த என் உம்மா கதவு மறைவிலிருந்து சொன்னார்.

"அது வாப்பாமார்ர வழி, துரை. உம்மாட வழியில நீங்க என்ன குடி?"

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியே வரும். ஒருவர் யாரென்று அறிய அதைத்தான் கேட்போம்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அம்மாட அம்மா தம்பிலுவில்," என்று தெற்கே உள்ள ஒரு தமிழ் ஊரைச் சொல்லி, ஒரு குடிப்பெயரையும் சொன்னார். தமிழருக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் பொதுவான குடி அது.

"அல்லாவே, அது எங்கட குடியெல்லோ! தம்பி, அப்ப நீங்க நம்மட ஆள்!"

உம்மாவின் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

"ஓம் ராத்தா," என்று அக்கா முறை சொல்லிச் சிரித்தார். "கொஞ்சம் மெல்லக் கதைங்க." எழுந்துபோய், சோற்றுக் கையோடு ஜன்னலைச் சாத்தினார்.

ஆஸ்திரேலியா போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கேயும் கடற்கரை இருக்கும். அந்த மணலில் அவர் எந்த ஊரைக் கீறினாரோ?