லிஃப்ட்காரர் வாங்கிய படகு

என் வீட்டுக்காரரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை நானே சமயத்தில் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் இவருக்குத்தான் போன் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அப்படியே கை கழுவிவிட்டு ஓடுவார். பிள்ளைக்குக் காய்ச்சலா, எனக்குப் பிரசவ வலியா, எதுவும் அவரைப் பிடித்து நிறுத்தாது. "பாவம், உள்ள மாட்டிக்கிட்டு இருக்காங்க" என்று ஒரே பேச்சு. வெளியே இவரிடம் மாட்டிக்கொண்ட எங்களைப் பாவம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அட்சரம் பிசகாமல் அப்படியே நடந்தது. நான் தையல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். பெரியவன் தானே வளர்ந்தான். சின்னவனைப் பெரியவன் வளர்த்தான். தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் கூட்டிப்போய், வீட்டுப்பாடம் எழுதவைத்து, நாலு சாத்தும் சாத்தி வளர்த்தான்.

வளர்த்த கையோடு வினையும் வளர்ந்தது. பெரியவன் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். தம்பிக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தான். தம்பி முதலாளியோடு முறைத்துக்கொண்டு, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விட்டுவிட்டான். அண்ணனுக்கு அங்கே தலை காட்ட முடியவில்லை. என் சமையலறையில், என் கண்ணெதிரே, "உன்னை மனுஷனாக்க நான் பட்ட பாட்டுக்கு நீ செய்ற மரியாதையாடா இது?" என்று கேட்டான். "நீ என்ன எங்கப்பனா, கணக்குக் கேக்குறதுக்கு?" என்றான் சின்னவன். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

நாலு வருஷம் நான் சமாளித்தேன். ஒரு ஞாயிறு பெரியவன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவான். அடுத்த ஞாயிறு சின்னவன், அவன் மனைவி, அவன் பையன். இவனிருக்கும்போது அவன் பேச்சை எடுக்க மாட்டேன். தப்பித்தவறி இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து நின்றால், ஒருவன் சிகரெட் வாங்க வெளியே போவான். போனவன் போனவன்தான். வீடென்றால் வாசல் இருக்கிறதே, யாரும் கத்திக்கொள்ளாமல் கழன்றுகொள்ளலாம். எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

இவருக்கோ அந்த வாசல்தான் உறுத்தியது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவருக்கு அப்போதுதான் தனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதே ஞாபகம் வந்தது போலிருக்கிறது. லிஃப்ட் புராணத்தை ஆரம்பித்தார். "ஒரே மாடியில எதிரெதிர் வீடு. வருஷக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசினதில்ல. நான் போய்க் கதவைத் திறக்கிறேன், ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சிக்கிட்டிருக்காங்க! எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா? தப்பிச்சுப்போக வழி இல்லன்னா மனுஷன் பேசிடுவான்."

"அதுக்கு? பிள்ளைங்களை லிஃப்ட்ல போட்டு அடைக்கப் போறீங்களா?" என்றேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது மோட்டார் படகு. வெயிலில் வெளுத்த நீலம். இருக்கைகளின் ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. பின்பக்கம் ஒரு பெரிய மூடிக்குள்ளே எஞ்சின். விற்கிறவர் ஒரு பல் டாக்டர். "குடும்பத்தோட ஜாலியா போய்ட்டு வர்றதுக்குன்னே வாங்கினதும்மா" என்றார்.

"அப்ப ஏன் விக்கிறீங்க?"

ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குகிறவர், இந்த ஒரு கேள்விக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "பசங்க இப்ப வர்றதில்ல" என்றார் கடைசியில். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் காதில் விழுந்தால்தானே! எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவி, விரலில் தேய்த்து மோந்துகொண்டிருந்தார். அப்புறம் தரை முழுக்கக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். பின்பக்கம் ஓரிடத்தில் பலகை ஊறிப்போய் மெத்தென்று இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டும், "எஞ்சின் தங்கம். பலகையை நான் பார்த்துக்கறேன்" என்று கை கொடுத்துவிட்டார். விலையைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும், விடுங்கள்.

"ஆறு பேர்தான் ஏறலாம்னு தகட்டுல போட்டிருக்கு. நாம எட்டு பேர்" என்றேன் திரும்பி வரும்போது.

"சின்னதுங்க ரெண்டும் மடியில உட்காரும். காருன்னா கதவைத் திறந்து இறங்கிடுவானுங்க. நடுத்தண்ணியில இறங்கி எங்க போவானுங்க? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்டீ. பேசுவானுங்க பாரு."

முட்டி வலியோடு மண்டியிட்டு ஊறின பலகையைப் பெயர்த்துப் புதிது போட்டார். ரப்பர் குழாய், பெல்ட், பேட்டரி எல்லாம் மாற்றினார். நான் மட்டும் என்ன யோக்கியம்? வாயால் திட்டிக்கொண்டே இருக்கைகளுக்குப் புது உறை தைத்தேன். என் பேரனும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடம் என்று நினைத்துக்கொண்டால், தையல் மெஷினில் கால் தானாக மிதிக்கிறது.

முதல் ஓட்டத்துக்குப் பெரியவனை மட்டும் கூப்பிட்டதாகப் பெரியவனிடம் சொன்னார். சின்னவனிடம் சின்னவனை மட்டும். பெரியவன் முதலில் வந்து பின் இருக்கையில் உட்கார்ந்தான். சின்னவன் படகில் கால் வைத்த பிறகுதான் உள்ளே யார் என்று பார்த்தான். பெரியவன் எழுந்திருப்பதற்குள் இவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். வயசுக்கு மீறின சுறுசுறுப்பு!

ஒருவன் இடப்பக்கத் தண்ணீரைப் பார்த்தான். இன்னொருவன் வலப்பக்கத் தண்ணீரை. ஏரிக்கு நடுவே வந்ததும் இவர் குனிந்து, ஓட்டுகிற இருக்கைக்குக் கீழே இருந்த பெட்ரோல் குழாயின் பிடியைத் திருகி மூடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. எஞ்சின் உடனே நிற்கவில்லை. மிச்சமிருந்த சொட்டையும் குடித்துவிட்டு, இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது.

"அடடா, நின்னுடுச்சே" என்றார். நடிக்கத் தெரியாத மனுஷன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். பின்னால் போய் எஞ்சின் மூடியைத் தூக்கிவைத்து, கையில் ஒரு ஸ்பேனரோடு குனிந்துகொண்டார்.

கரை எங்கேயோ கோடு மாதிரி தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ரொம்ப நேரம் கழித்துப் பெரியவன் வானத்தைப் பார்த்துச் சொன்னான். "பழசை வாங்காதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்."

சின்னவன் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். "யார் சொல்லி இவர் கேட்டிருக்காரு?"

ஐயோ! நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒருவன் சொன்னதற்கு இன்னொருவன் பதில் சொல்கிறான். மூடிக்குப் பின்னாலிருந்து இவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பார்த்தாயா என்று அர்த்தம்.

"அந்த மிக்சியைக் கழட்டினாரே."

"கழட்டினாரு. மாட்டினாரா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவரும் மூடிக்குப் பின்னால் சிரித்தார்.

"என் சைக்கிள் பிரேக்கையும்தான். நாளைக்குப் பார்க்கறேன், நாளைக்குப் பார்க்கறேன்னு ஒரு மாசம் சொன்னாரு" என்றான் சின்னவன். முகவாய்க்கட்டைத் தழும்பைத் தொட்டுக் காட்டினான்.

"எனக்குக் காட்டுறியா? நான்தானே தூக்கிட்டு ஓடினேன். என் சட்டையெல்லாம் உன் ரத்தம். ஆஸ்பத்திரியில பெரியவங்க யாராவது வரணும்னாங்க. நான் பெரிய ஆளுதான்னு சண்டை போட்டேன். அப்ப எனக்கு மீசைகூட முளைக்கல."

"அன்னைக்கு இவர் எங்க இருந்தாரு?"

"எங்க இருப்பாரு? எவனோ எந்த மாடியிலயோ மாட்டிக்கிட்டிருப்பான்."

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. பெரியவன் எழுந்து சின்னவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இவர் வராத பள்ளிக்கூட நாடகம். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்று அண்ணனும் தம்பியும் மட்டும் வராந்தாவில் பசியோடு உட்கார்ந்திருந்தது. நானே மறந்துபோனதெல்லாம் அவர்களுக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. ஒருவன் எடுத்துக்கொடுக்க, ஒருவன் முடித்துவைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எதைப் பேசி ஒன்றானார்கள் என்று இந்த மனுஷன் ஒருநாளாவது யோசித்துப் பார்த்திருப்பாரா? இன்னும் வந்து சேராத மெக்கானிக்கைத் திட்டித்தான் ஒன்றாகியிருப்பார்கள்.

குழாய்ப் பிடி என் கை எட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்தேன்.

"அதைத் தொடாதே" என்று பின்னாலிருந்து கையை ஆட்டினார். எழுந்து அவரிடம் போய்க் காதருகே சொன்னேன்.

"போதுங்க. கிளப்புங்க, போகலாம்."

"இரு" என்றார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். "பேசட்டும்."

ஸ்பேனரை எதிலும் மாட்டாமல் வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை எஞ்சின்மேல் சொட்டியது. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை அங்கே வைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாத மாதிரி பேசினார்கள். ஒரு கைத் திருகலில் அதை நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

சின்னவன் அண்ணன் தோளில் கை போட்டான். "அன்னைக்குக் கேட்டேன்ல, நீ என்ன எங்கப்பனான்னு. தப்புடா. நீதாண்டா எனக்கு அப்பன்."

பெரியவன் கேவிக்கேவி அழுதான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். இவர் மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினார். முன்னால் வந்து, குழாயைத் திறந்து, சாவியைத் திருகினார். எஞ்சின் நாலைந்து தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

"என்னப்பா கோளாறு?" என்று பெரியவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"தெரியலப்பா. ஏதோ அடைப்பு."

"வாழ்நாளெல்லாம் மெக்கானிக்கு, அடைப்பு எங்கன்னு தெரியலையாம்" என்றான் சின்னவன். கரை வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். போகும்போது இரண்டு பேரும் ஒரே காரில் போனார்கள். நான் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஒன்றாக வந்து வாசலில் நின்றார்கள். உட்கார வரவில்லை. படகுச் சாவிக்கு வந்தார்கள். "குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். ஆறு பேர்தானே ஏறலாம், நாங்களே சரியா இருக்கோம்" என்றான் பெரியவன்.

"நான் ஓட்ட வர்றேனே. இந்த ஒரு தடவை ஏழா இருந்தா என்ன?"

"வேணாம்பா. அன்னைக்கு மாதிரி நடுவுல நின்னா? உங்களை நம்பிக் குழந்தைங்களை ஏத்த முடியாது. எஞ்சினைப் பார்க்க நல்ல மெக்கானிக்கா ஒருத்தரைப் பேசியிருக்கோம்."

நான் வாயைத் திறந்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "ஆமாப்பா, எனக்கும் முன்ன மாதிரி கண்ணு தெரியல" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ பேருடைய உயிரைக் கம்பியில் தொங்கவிட்டுக் காப்பாற்றிய கை அது.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏன் சொல்லக் கூடாது? நீங்கதான் நிறுத்தினீங்கன்னு ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னா, பேசினதை நினைச்சு வெட்கப்படுவானுங்க. அப்புறம் ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்க மாட்டான். விடு."

விட்டேன். ஞாயிறுகள் போயின. இப்போது யாரும் வருவதில்லை. படகு, அது இல்லையென்றால் அண்ணன் வீடு, அதுவும் இல்லையென்றால் தம்பி வீடு. சண்டை இருந்த காலத்தில் ஆளுக்கொரு ஞாயிறாவது வந்தார்கள். இந்த ஒற்றுமை நாசமாய்ப் போக என்று பெற்ற வாயால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அழவும் செய்திருக்கிறேன். பெத்த மனம் பித்து, வேறென்ன?

போன ஞாயிறு இவர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், பொறுக்க முடியாமல் பெரியவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அன்னைக்குப் படகு தானா நிக்கலடா. நீங்க ரெண்டு பேரும் பேசணும்னு உங்கப்பாதான் பெட்ரோலை மூடினாரு. நீங்க திட்டின அத்தனையும் கேட்டுக்கிட்டு, பேசட்டும்னு நின்னாருடா."

அழுவான் என்று நினைத்தேன்.

"வேணும்னேவா?" என்றான். "நடுத்தண்ணியில, அந்த வெயில்ல, வேணும்னே நிறுத்தினாரா? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா? பைத்தியமா அவருக்கு?" அப்புறம் போனை விட்டு விலகி, "டேய் தம்பி, இங்க வாடா. இவர் என்ன பண்ணியிருக்காருன்னு கேளு" என்று கூப்பிட்டான். சின்னவன் அங்கேதான் இருந்தான். ஒருவன் எடுத்துக்கொடுக்க, ஒருவன் ஆரம்பித்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

இவர் ரொட்டியோடு உள்ளே வந்தார். "போன்ல யாரு?"

"பெரியவன்."

"சின்னவனும் கூட இருக்கானா?"

"இருக்கான்."

"என்ன பேசிக்கிட்டிருக்காங்க ரெண்டு பேரும்?"

"உங்களைப் பத்தித்தான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.