பின்பாட்டுக் குரலைத் தனியே எடுத்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அக்காவைப் பற்றி அடக்கமாக எழுதச் சொன்னார்கள் அவருடைய பிள்ளைகள். அது என்னால் ஆகாது. பெருமைப்பட ஓர் ஆள் கிடைத்தால் பெருமைப்பட்டுவிட வேண்டும்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து, சேலம் அஸ்தம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டவர் அக்கா. அக்காவின் கணவரான மாமா அங்கே பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ வைத்திருந்தார். மற்ற மருமகள்கள் மாமியாரிடம் சமையல் கற்றுக்கொண்டபோது, அக்கா மாமாவிடம் மைக் வைக்கக் கற்றுக்கொண்டார். சமையல் கடைசிவரை சுமார்தான், சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். மாமா மாரடைப்பில் போனபோது பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

"மெஷினை வித்துப்போட்டு ஊருக்கு வந்துரு சாமி" என்று அழைத்தார் அப்பா.

"ஓட்டத் தெரிஞ்சவ நான் இருக்கறனுங்கப்பா, எதுக்கு விக்கோணும்?" என்றார் அக்கா. அந்த மெஷினை ஓட்டித்தான் இருவரையும் படிக்க வைத்தார்.

கேசட் காலம் முடிந்தபோது அலமாரி நிறையப் பெரிய சுருள் டேப்புகள் மிஞ்சின. கேசட்டில் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்திருக்கும். இந்த டேப்பில் எட்டுத் தடங்கள் உண்டு. பாடுகிறவர் ஒன்றில், உடுக்கை ஒன்றில், பின்பாட்டு ஒன்றில் என்று தனித்தனியாகப் பதிந்திருக்கும். பழைய டேப்பு ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து, பாட்டும் அதோடு போய்விடும். சீரான சூட்டில் வைத்து ஈரத்தை எடுத்தால், ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். அந்தச் சூட்டுக்கு அக்கா தேர்ந்தெடுத்த இடம், நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்காரர் நடத்தும் குஞ்சுப் பொரிப்பகம். பழைய இன்குபேட்டர் ஒன்றில் சூட்டைக் கூட்டி அமைத்து, முட்டை வைக்கும் இடத்தில் டேப்புகளை வைத்தார். வேலைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

அந்த நாட்களில் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் ஓர் அம்மையார் அக்காவைத் தேடி வந்தார். மாமாவின் ஸ்டுடியோவில் ஒரு கும்மிப் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியவர் அவருடைய தாய். இறந்துபோன அந்தத் தாயின் குரல் வேறெங்கும் இல்லை. கேசட்டிலும் அது காதில் விழவில்லை. முன்பாட்டுக்காரர் சொன்னதால் மாமா அதை மிகவும் குறைத்து வைத்திருந்தார். அக்கா அதை மறைக்கவில்லை.

"அமுக்குனது எங்க ஊட்டுலதானுங்க. நாங்களேதான் எடுத்துக் குடுக்கோணும்" என்றார்.

டேப்பு இன்குபேட்டருக்குள் போனது. முட்டை வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளே ஈரப்பதம் இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்காரர் கைப்பழக்கத்தில் இதிலும் ஊற்றிவிட்டார். ஈரத்தை எடுக்க வைத்த டேப்பு, உள்ளேயே ஈரம் குடித்துக்கொண்டிருந்தது. இருந்ததோ அந்த ஒரே டேப்பு. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, பாட்டு குஞ்சு பொரிச்சு வெளிய வருமுன்னு பாத்தீங்களா?" என்றார் அக்கா. அவ்வளவுதான் திட்டு. தண்ணீரைக் கொட்டி, தட்டைத் துடைத்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அதற்குள் நோய் அக்காவைப் பிடித்திருந்தது. மருத்துவர் படுத்திருக்கச் சொன்ன உடம்போடு, இன்குபேட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், அசையவில்லை. சூடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அதிலேயே கண்ணாக இருந்தார். எனக்கு அன்று ஆத்திரம். இன்று அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் தலை நிமிர்கிறது. அந்த டேப்பை ஓட்டி முடித்த சில வாரங்களில் அக்கா போய்விட்டார்.

கடைசி நாட்களில் அன்போடு பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அஸ்தம்பட்டி அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய அயோத்தியாப்பட்டணத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. மீதி டேப்புகளைப் பிள்ளைகள் கணினியில் ஏற்றிவருகிறார்கள். உங்கள் வீட்டார் யாராவது அங்கே பாடியிருந்தால் வந்து கேளுங்கள்.

சங்ககிரி அம்மையாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அக்கா பட்ட பாடு வீண்போகவில்லை என்று அக்காவின் கண் முன்னாலேயே காட்டியவர் அவர். டேப்பைக் கேட்க அவர் வந்த அன்று அக்கா மற்ற ஏழு தடங்களையும் அடைத்துவிட்டுப் பின்பாட்டை மட்டும் திறந்தார். கணீரென்ற குரல். பாட்டு முடிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வெட்டிவிடுவார்கள். அக்கா வெட்டாமல் ஓடவிட்டார். மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. பிறகு, மெஷின் பக்கம் இருந்த மாமாவிடம் அந்தத் தாய் கூச்சத்தோடு கேட்பது வந்தது.

"ஏனுங்க, எம்பட சத்தம் கேக்குதுங்களா?"

மகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கேக்குதும்மா" என்றார். "உன்ற சத்தம் மட்டுந்தாம்மா கேக்குது."